முதலில் இடது சாக்ஸ்

மிலூத்தின் டாக்ஸி நேரம் பார்த்துக் கிளம்பியதே கிடையாது. ஆறு பேர் ஏறினால் கிளம்பும். ஐந்து பேர் ஏறி, ஆறாவது ஆளுக்காக வெயிலில் ஒரு மணி நேரம் வெந்து கிடந்தாலும் கிடக்குமே தவிர நகராது. தத்லாவிலிருந்து பெனி மெல்லால் போகிற ஷேர் டாக்ஸிகள் எல்லாமே அப்படித்தான். பத்தொன்பது வருஷம் அந்த ஸ்டாண்டில் குந்திக் குந்தி மனுஷனுக்கே அந்தக் குணம் ஒட்டிக்கொண்டது. பசித்தால் சாப்பாடு, கண் சொருகினால் தூக்கம். அப்படிப்பட்ட ஆள் கையில்தான் அவன் பெண்டாட்டி ஹத்தும் தன் மகளை ஒப்படைத்துவிட்டு ஸ்பெயினுக்குக் கிளம்பினாள். பாவம், அவளுக்கு வேறு புருஷனா இருக்கிறான்?

ஸ்ட்ராபெரி பறிக்கிற வேலை. பிப்ரவரியில் போனால் ஜூனில்தான் திரும்ப முடியும். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிற பெண்களாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பிள்ளை இங்கே இருந்தால் தாய் அங்கேயே தங்கிவிட மாட்டாளாம். என்ன மூளை பாருங்கள்! ஆனால் வீட்டுக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. போய்த்தான் ஆகவேண்டும்.

பிள்ளை என்றால் இத்தோ. ஆறு வயது. நெற்றியில் விழுகிற முடி, எதையும் நேராகப் பார்க்காத பெரிய கண்கள். வீட்டில் ஒரு பொருள் இடம் மாறினால் அவளுக்கு உலகமே இடிந்து விழும். சல்லடையை வேறு ஆணியில் மாட்டினால் போதும், தொண்டைக்குள் கெட்டில் கொதிக்கிற மாதிரி ஓர் உறுமல் கிளம்பும். அது கத்தலாகி ஒன்றரை மணி நேரம் ஓயாது. பெனி மெல்லால் டாக்டர் அதற்கு ஏதோ பேர் சொன்னார். ஹத்தும் அதைக் காகிதத்தில் எழுதி வாங்கி, மடித்து டப்பாவில் போட்டுவிட்டு, தன் போக்கில் வேலையை ஆரம்பித்தாள்.

அவள் செய்தது ஒரு வரிசை. காலையில் முதலில் இடது சாக்ஸ், பிறகு வலது. மூன்று கை தண்ணீர் முகத்துக்கு. ஆலிவ் எண்ணெய் தொட்டு ரொட்டி, அரைத் தம்ளர் தேநீர். பிசைந்து தட்டிய மாவு வட்டங்களைப் பலகையில் வைத்து, கோடு போட்ட துணியால் மூடி, தெருக்கோடிப் பொது அடுப்புக்கு. துணியின் நுனியை இத்தோ பிடித்துக்கொள்வாள். அடுப்புக்கார ஹம்மாதி "எத்தனை?" என்பார். இத்தோ "மூணு" என்பாள். அங்கிருந்து மருந்துக்கடைச் சுவரைத் தொட்டுக்கொண்டே போனால் பள்ளிக்கூடத்துக் கேட். கேட்டில் நின்று இத்தோ அம்மா சட்டையின் மேல் பட்டனை ஒரு தடவை அழுத்துவாள். "போய்ட்டு வரேன்." அவ்வளவுதான், உள்ளே போய்விடுவாள். சாயங்காலம் படுக்கும்போது ஹத்தும் அவள் நெற்றியில் கை வைத்து மறுநாளை முழுக்கச் சொல்லிக் காட்டுவாள். "நாளைக்கு முதல்ல இடது சாக்ஸ்..."

இரண்டு வருஷம் ஒரு நாள் தப்பவில்லை. பேச்சு வராமலிருந்த பிள்ளைக்குப் பேச்சு வந்தது. அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் இடமும் கிடைத்தது.

கிளம்புகிற அன்று ஹத்தும் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை ஒப்பித்தாள். மிலூத் தலையை ஆட்டினான்.

"இடது சாக்ஸ், வலது சாக்ஸ். இதுக்கு ஒரு பாடமா? நான் என்ன பச்சப்புள்ளையா?"

"நீங்க பச்சப்புள்ளையா இருந்தா நான் ஏன் கவலப்படப் போறேன். உங்களுக்கும் ஒரு வரிசை பழக்கிருப்பேன்" என்றாள் ஹத்தும்.

நாலாம் நாளே மிலூத் வலது சாக்ஸை முதலில் மாட்டினான். அவசரம், வேறென்ன. இத்தோ வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகு அந்த உறுமல் கிளம்பியது. பள்ளிக்கூடமே காதைப் பொத்திக்கொண்டது. அடுத்தது பதினொன்றாம் நாள். பெனி மெல்லாலில் ஆறாவது ஆளுக்காகக் காத்து நின்றதில் மதியம் கேட்டுக்கு வர முக்கால் மணி நேரம் தாமதம். இத்தோ கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில், பள்ளிக்கூடத்து மதிலோடு ஒட்டிய வீட்டிலிருந்து தலைமையாசிரியர் கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

அன்றைக்கு அவர் மிலூத்தைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பு. "இங்க பாருங்க மிலூத், ரெண்டாச்சு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, இந்த வருஷம் கூட்டிட்டுப் போயிடுங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். வகுப்பு ஆசிரியை கிஸ்லான் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு இத்தோவை விட மனசில்லை. "அவ எழுத்தெல்லாம் கூட்ட ஆரம்பிச்சிட்டாண்ணே. மூணாவது தடவ மட்டும் வேணாம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

அன்று மிலூத்துக்கு உறைத்தது. மறுநாள் மதியம் பெனி மெல்லாலிலிருந்து திரும்ப ஐந்து பேர் ஏறியிருந்த டாக்ஸியை அவன் எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஸ்டாண்டே எழுந்து நின்று பார்த்தது. பயணிகளைக் கூவிக் கூப்பிடுகிற ரஹ்ஹால் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான்.

"டேய், டேய்! ஒரு சீட்டு காலிடா! கண்ணு தெரியலையா?"

"எனக்குப் பள்ளிக்கூட மணி அடிச்சிருச்சு!"

"இந்த வயசுலயா? எந்த வகுப்பு?"

"ஒண்ணாம் வகுப்பு!" என்று சொல்லிவிட்டு மிலூத் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

அதன் பிறகு அந்த ஆளைப் பிடிக்க முடியவில்லை. மாவு பிசையக் கற்றுக்கொண்டான். முதல் வாரம் வந்த ரொட்டியை வைத்து ஜன்னல் கண்ணாடியை உடைக்கலாம். ஹத்தும் சாயங்காலம் ஃபோனில் வந்து இத்தோவுக்கு மறுநாள் வரிசையைச் சொல்லும்போது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் உதட்டை அசைப்பான். நெற்றியில் கை வைக்கப் போனால் மட்டும் இத்தோ தட்டிவிட்டாள். அது அம்மாவுக்கு உள்ள இடம். சரி, அதை விட்டுவிட்டான்.

இப்படி மார்ச் வந்தது. நோன்பு மாதம் வந்தால் எங்கள் நாட்டில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், தெரியுமல்லவா. நோன்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாற்றுவது வழக்கம். வருஷா வருஷம் யாராவது நாலு பேர் பஸ்ஸைத் தவறவிடுவார்கள், யாராவது ஒருத்தன் கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நாற்காலி அடுக்குவான்.

அந்த ஞாயிறு பார்த்து மிலூத்தின் அக்கா ஃபத்னா கூரிப்காவிலிருந்து வந்து இறங்கினாள். நல்ல மனசு, கொஞ்சம் வாய் நீளம். வந்ததும் வராததுமாகப் பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி, ஆம்பள ஒருத்தன் பிள்ளை வளர்க்கிறதை நான் எங்கயும் பாத்ததில்ல. இவளை நான் கூட்டிட்டுப் போறேன். அங்க என் பிள்ளைங்க அஞ்சு பேர் ஓடிக்கிட்டே இருப்பாங்க. அவங்களோட சேர்ந்து இவளும் சரியாயிடுவா."

ஐந்து பிள்ளைகள் ஓடுகிற வீடு! மிலூத் அவசரமாகச் சொன்னான்: "பள்ளிக்கூடம் போறா, அக்கா."

"எத்தனை நாளைக்கு? மூணாவது தடவை கத்தினா அவங்களே அனுப்பிடுவாங்களாமே. ரஹ்ஹால் சொன்னான். நாளைக்குக் காலையில நானும் வரேன், பாக்கறேன்."

சாயங்காலம் ஹத்தும் ஃபோனில் கேட்டாள். "கடிகாரத்த மாத்திட்டீங்களா?"

"எனக்குத் தெரியாதா? ஊருக்கே நான்தான் சொல்லிட்டு வந்தேன்."

ஃபோனை வைத்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறினான். சுவர்க் கடிகாரத்தில் கை வைத்ததும் கீழிருந்து அந்தக் கெட்டில் சத்தம். "தொடாத" என்றாள் இத்தோ. கடிகாரம் அவள் வரிசையில் உள்ளது. சின்ன முள் எட்டில் நின்றால்தான் கிளம்ப வேண்டும் என்று அம்மா காட்டியிருக்கிறாள். மிலூத் பூனை மாதிரி இறங்கிவிட்டான். கடிகாரம் கிடக்கட்டும், ஒரு மணி நேரத்தைத் தலைக்குள்ளே கழித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். அந்தத் தலை எப்படிப்பட்ட தலை என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. இடது சாக்ஸ், வலது சாக்ஸ். மூன்று கை தண்ணீர். ரொட்டி, அரைத் தம்ளர். ஃபத்னா ஓரமாக உட்கார்ந்து ஒரு தப்பாவது கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் எட்டு அடித்தது. மிலூத் பலகையைத் தலையில் வைத்தான், இத்தோ துணி நுனியைப் பிடித்தாள். வெயில் எப்போதும் விழுகிற சுவரில்தான் விழுந்தது. அடுப்பும் எப்போதும்போல எரிந்தது. ஹம்மாதிக்கு அரசாங்க நேரமெல்லாம் கிடையாது, விறகு எரிகிற நேரம்தான். "எத்தனை?" "மூணு." மருந்துக்கடைச் சுவரைத் தொட்டுக்கொண்டே மூவரும் நடந்தார்கள்.

கேட் பூட்டியிருந்தது.

பெரிய பூட்டு. தெருவில் ஒரு பிள்ளை இல்லை. அப்போதுதான் மிலூத்துக்குத் தலைக்குள் கழிக்க மறந்த ஒரு மணி நேரம் ஞாபகம் வந்தது; பள்ளிக்கூடம் திறக்க இன்னும் அவ்வளவு நேரம் இருந்தது. ஐயோ என்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

இத்தோ பூட்டைப் பார்த்தாள். கை பட்டனுக்கு வந்து, அழுத்தாமல் நின்றது. உறுமல் கிளம்பியது. மதிலோடு ஒட்டிய வீட்டில் தலைமையாசிரியரின் ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே தேநீர்த் தம்ளரில் கரண்டி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது.

"நான் சொன்னேன்ல?" என்றாள் ஃபத்னா. "சரி, தூக்கிட்டு ஓடு, கத்தறதுக்குள்ள ஓடிடு."

தூக்கினால் அவ்வளவுதான். தூக்குவது வரிசையில் இல்லை. மிலூத் முழங்கால் போட்டுத் தரையில் உட்கார்ந்தான். ஹத்தும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லையே. பூட்டிய கேட்டுக்கு அவளிடமும் பாடம் இருந்ததா என்ன? இத்தனை நாள் பிசைந்த மாவு, காலி சீட்டோடு ஓடிய ஓட்டம், எல்லாம் இந்த ஒரு பூட்டில் போய் முடியப் போகிறது.

உறுமலுக்கு நடுவில் ஒரு சொல் வந்தது. அவனுக்குப் பிடிபடவில்லை.

"என்னடா கண்ணு?"

"சாக்ஸ்."

"சாக்ஸா? கடிக்குதா?"

இத்தோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து பிடுங்கினாள். "சாக்ஸ், அப்பா. முதல்ல இருந்து."

மிலூத்துக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் எழுந்து நின்றான். "வா" என்றான்.

"எங்கடா போறீங்க?" என்று ஃபத்னா பின்னால் ஓடி வந்தாள்.

"வீட்டுக்கு. இன்னும் விடியலன்னு வச்சுக்கோ அக்கா."

போகிற வழியில் அடுப்பில் பலகையைக் கேட்டான். ஹம்மாதி ரொட்டித் துடுப்பை அடுப்புக்குள் விட்டிருந்தவர் அப்படியே திரும்பிப் பார்த்தார்.

"பலகையா? மாவு உள்ள வெந்துட்டிருக்கு. திருப்பி மாவாக்கித் தரவா?"

"பலகை மட்டும் போதும் மாமா. மறுபடி கொண்டுவரணும்."

"எதைக் கொண்டுவருவ? வெறும் பலகையையா? அந்தப் புள்ள 'மூணு'ன்னு சொல்லும்போது நான் எதைப் பாக்கறது?" என்று முறைத்தார். பிறகு இத்தோவின் முகத்தைப் பார்த்தார். தொட்டியிலிருந்த தன் சொந்த மாவில் மூன்று உருண்டை கிள்ளித் தட்டிப் பலகையில் வைத்து, துணியை மூடிக் கொடுத்தார். "ஓடு, ஓடு. நேரமாச்சு உங்களுக்கு" என்றார்.

வீட்டில் இத்தோ சாக்ஸைக் கழற்றிவிட்டுப் பாயில் படுத்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள். மிலூத் இடது சாக்ஸை எடுத்தான். அவள் மூச்சு மெல்ல இறங்குவதை அவன் விரலிலேயே உணர முடிந்தது. வலது சாக்ஸ் போடும்போது உறுமல் இல்லை. மூன்று கை தண்ணீர். வயிறு நிறைந்திருந்தாலும் எண்ணெய் தொட்டு ஒரு வாய் ரொட்டி, அரைத் தம்ளர் தேநீர். இந்தத் தடவை ஃபத்னாதான் எழுந்து தேநீரை ஊற்றினாள். முக்கால் தம்ளர் ஆகிவிட்டது. இத்தோ பார்த்தாள். ஃபத்னா வாயைத் திறக்காமல் கொஞ்சத்தைத் திரும்பக் கெட்டிலில் ஊற்றினாள்.

பலகை, துணி நுனி, தெரு. "எத்தனை?" என்றார் ஹம்மாதி, அன்றைக்கு முதல் தடவை பார்க்கிற முகத்தோடு. "மூணு" என்றாள் இத்தோ. மருந்துக்கடைச் சுவர்.

கேட் திறந்திருந்தது. பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கிஸ்லான் டீச்சர் படியில் நின்று வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தாள். இத்தோ மிலூத்தின் சட்டைப் பட்டனை ஒரு தடவை அழுத்தினாள்.

"போய்ட்டு வரேன்."

போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பது வரிசையில் இல்லை. மிலூத் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கண் கலங்கியதை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. என் பிள்ளை, என்று நெஞ்சு முட்டியது. ஊர் முழுக்கக் கடிகாரத்தைத் தொலைத்துவிட்டுத் தடுமாறுகிற நாளில், அவள் மட்டும் வழி கண்டுபிடித்து அப்பனையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்!

ஃபத்னா முக்காட்டு நுனியில் மூக்கைச் சிந்தினாள். "அதென்ன, அந்த மேல் பட்டனா?" என்று கேட்டாள். "சரி, நான் சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பறேன். தனியாத்தான்."

அன்று வீட்டில் ஆறு ரொட்டி. ஒன்றை ஃபத்னா பஸ்ஸில் தின்றுகொண்டே போனாள். மதியம் கிஸ்லான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு வகுப்புல பாதிப்பேர் தூங்கி வழிஞ்சாங்க, மீதிப்பேர் அழுதாங்க. ஒழுங்கா உட்கார்ந்து வாசிச்சது உங்க பொண்ணு ஒருத்திதான். வீட்டுல என்னதான் செய்யறீங்கண்ணே?"

"ஒண்ணும் பெருசா இல்ல டீச்சர்" என்றான் மிலூத். "செஞ்சதையே செய்யறோம்." சொல்லிவிட்டு ஸ்டாண்டுக்குப் போய், கேட்டவன் கேட்காதவன் எல்லாரிடமும் அந்தக் கதையைச் சொன்னான். ரஹ்ஹால் மூன்று தடவை கேட்கவேண்டி வந்தது.

மூன்றாவது கத்தல் வரவேயில்லை. ஜூனில் மதிப்பெண் அட்டை வந்தது. 'இரண்டாம் வகுப்புக்குத் தேர்ச்சி' என்று தலைமையாசிரியரே கைப்பட எழுதியிருந்தார். மிலூத் அதை டாக்ஸியில் ஸ்டியரிங்குக்கு மேலே செருகிவைத்தான். ஏறுகிற ஆறு பேரும் அதைப் படித்துவிட்டுத்தான் பெனி மெல்லால் போக முடியும்.

அடுத்த வாரம் ஹத்தும் வந்தாள். வெயிலில் கறுத்து, விரல் நுனியெல்லாம் வெடித்து. இத்தோ ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. கிட்டே வந்து மேல் பட்டனை அழுத்திப் பார்த்தாள், அதே பட்டன்தான் என்று தெரிந்ததும் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றாள். ஹத்தும் அட்டையைத் தடவித் தடவிப் படித்தாள். முகமெல்லாம் சந்தோஷம். ஆனால் அவள் முகத்தில் வேறு ஒன்றும் இருந்ததை மிலூத் பார்த்தான்.

"என்ன?" என்றான் தனியாக.

"அடுத்த பிப்ரவரிக்கும் என் பேர் போட்டிருக்காங்க. இந்தக் காசுல கூரை பாதிதான் முடியும். இவகிட்ட எப்படிச் சொல்றது?"

படுக்கிற நேரம். இத்தோ பாயில் கண்ணை மூடிக் காத்திருந்தாள். நாலு மாதம் காலியாக வைத்திருந்த நெற்றி. ஹத்தும் அதில் கை வைத்தாள். "நாளைக்கு முதல்ல..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். ஒரே வரிசையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதையே அறுத்துக்கொண்டு போகப்போகிறோமே என்று நினைத்துக்கொண்டாள். "இத்தோ, அம்மா அடுத்த வருஷம்..."

"தெரியும்" என்றாள் இத்தோ. அப்பாவும் அம்மாவும் பேசியது அவள் காதில் விழாமல் இருக்குமா? எழுந்து உட்கார்ந்தாள். தன் சின்னக் கையை எடுத்து அம்மாவின் நெற்றியில் வைத்தாள்.

"முதல்ல அம்மா போவா. அப்புறம் சாயங்காலம் சாயங்காலம் ஃபோன்ல வருவா. அப்புறம் கடிகாரம் பொய் சொல்லும். கேட் பூட்டியிருக்கும். அப்பா நெத்தில அடிச்சுக்குவாரு. வீட்டுக்குப் போய் மறுபடி சாக்ஸ். ஹம்மாதி மாமா மூணு மாவு தருவாரு. ஆறு ரொட்டி ஆகும், அத்தை ஒண்ணு தின்னும். அப்புறம் நோன்பு. அப்புறம் பெருநாள். அப்புறம் அட்டை. அப்புறம் அம்மா வருவா."

வாசலில் நின்ற மிலூத் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "பாத்தியா? ஒரு வரி தப்பல!" என்றான்.

ஹத்தும் அழுதுகொண்டே சிரித்தாள். "அப்புறம்?" என்று கேட்டாள்.

"அப்புறம் நாளைக்கு" என்றாள் இத்தோ. "முதல்ல இடது சாக்ஸ். தூங்கும்மா."